சூரிய நீர்ப்பம்பியும் வானொலி இரைச்சலும்

ஊவா மாகாணத்தின் மரக்கறித் தோட்டங்களிலும் வயல்களிலும் சூரிய ஒளியினால் இயங்கும் நீர்ப்பம்பிகள் இப்பொழுது இடம்பெறலாயின. இப்பம்பிகளை ஓட்டுவது இன்வேட்டர் என்னுங் கருவியாகும். இக்கருவி நன்மை பல தரினும், சில வேளைகளில் மோட்டாரைக் கீச்சிடச் செய்கின்றது. அயலிலுள்ள வானொலிகளில் இரைச்சலை உண்டாக்குகின்றது. இவ்விரைச்சல் தோன்றுங் காரணம் யாது, இதனைக் குறைப்பதற்குக் கையாளப்படும் எழுமாற்று ஆளியிடல் என்னும் முறை எத்தகையது, அம்முறையால் ஆவதும் ஆகாததும் எவை, கமக்காரர் தம்மளவிற் செய்யத்தக்கவை எவை என்பன இத்துண்டுப்பிரசுரத்தில் விளக்கப்படுகின்றன.

இவ்விடயம் கமக்காரருக்கு ஏன் வேண்டும்?

வெலிமடை, ஊவா பரணகமை ஆகிய பகுதிகளில் பெரும்போகத்தில் நெல் விளைந்த வயல்களிலே சிறுபோகத்தில் உருளைக்கிழங்கு நடுவது வழக்கம். அப்புத்தளை, பண்டாரவளைச் சரிவுகளில் கோவா, கரட், லீக்ஸ், போஞ்சி முதலியன பயிராகின்றன. யூன் முதல் செப்டெம்பர் வரையுள்ள மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குப் பக்கத்தில் மழையைப் பொழிந்துவிட்டு, ஊவாப் பக்கத்தில் வறண்ட கச்சான் காற்றாக இறங்குகின்றது. அக்காலத்திற் பயிரைக் காப்பது கிணற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் இறைக்கப்படும் நீரேயாம்.

2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருட் பஞ்சமும் நீண்ட மின்வெட்டும் நிலவின. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே முறையில் உயர்ந்தது. மண்ணெண்ணெய்ப் பம்பியை நம்பியிருந்தோர் அடைந்த துன்பத்தைக் கண்டவர்கள் சூரியப் பம்பியை நாடுவது இயல்பே. வெயில் மிகுந்த காலத்திலேயே நீரும் மிகுதியாக வேண்டப்படுவதால், இப்பம்பி இம்மாவட்டத்துக்குப் பொருத்தமானதே.

ஆயினும் மலைச்சரிவில் வாழ்வோருக்கு வானொலியும் பம்பியைப் போன்று இன்றியமையாதது. 2014 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களை மூடியதை இப்பகுதியார் மறந்திலர். 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வாச் சூறாவளியின்போதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெருந்துயர் அடைந்தது. மின்சாரமும் தொலைபேசியும் அறுந்த நேரத்தில் மழை எச்சரிக்கையையும் இடம்பெயருமாறு கூறும் அறிவித்தலையும் கொண்டு வரவல்லது சிறு மின்கலத்தால் இயங்கும் வானொலியாகும். அதே நேரத்தில், சேமிப்பு மின்கலத்திலிருந்து விளக்கெரிப்பதற்காக வீட்டு இன்வேட்டரும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் இரைச்சல் அறிவித்தலை விழுங்கிவிடலாகாது. ஒருவர் தோட்டத்துக் கருவியின் இரைச்சல் மற்றொருவர் வீட்டு வானொலியிலும் கேட்கக்கூடுமாதலால், இஃது அயலவர் எல்லாருக்கும் பொதுவான விடயமாகும்.

இன்வேட்டர் செய்யும் வேலை

சூரியத் தகடுகள் தருவது ஒரே திசையிற் பாயும் நேரோட்டமாகும். வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று அழுத்தத்தில், ஒரு செக்கனுக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலையும் ஆடலோட்டமாகும். பெரும்பாலான பம்பி மோட்டார்களும் ஆடலோட்டத்திலேயே சுழல்வன. நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றுவதே இன்வேட்டரின் தொழில். தேயிலைத் தொழிற்சாலைகளிற் கொழுந்து வாட்டும் விசிறிகளின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொருத்தப்படும் வேகமாற்றிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே.

இன்வேட்டரினுள் மின்சாரத்தை மாற்றும் வேலையைச் செய்பவை திரான்சிற்றர் என்னுஞ் சிறு மின்னாளிகள். அவை மிக விரைவாகத் திறந்து மூடுகின்றன. வாய்க்கால் மதகை உவமையாகக் கொள்ளலாம். மதகைப் பாதியளவு உயர்த்தாமல், முற்றாகத் திறப்பதும் முற்றாக மூடுவதுமாக மட்டும் இயக்குவதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிமிடத்திலும் 15 செக்கன் திறந்து 45 செக்கன் மூடினால், வயலுக்குக் காற்பங்கு நீர் பாயும். 45 செக்கன் திறந்தால் முக்காற்பங்கு பாயும். மதகுக்கும் வயலுக்கும் இடையில் ஒரு சிறு குட்டை இருப்பின், விட்டு விட்டு வந்த நீர் அதிலே தேங்கிச் சீராக வெளியேறும்.

இன்வேட்டரும் இவ்வாறே இயங்குகின்றது. அதன் ஆளி செக்கனுக்கு 16,000 முறை திறந்து மூடுவதாயின், அதன் ஆளி மீடிறன் 16 கிலோஹேர்ட்ஸ் எனப்படும். ஆடலோட்டத்தின் ஓர் அலைக்குள் 320 தடவை ஆளி இயங்கும். ஒவ்வொரு தடவையும் திறந்திருக்கும் பங்கைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் அலையின் வடிவம் உண்டாக்கப்படுகின்றது. குட்டையின் வேலையைத் தூண்டற்சுருளும் கொள்ளளவியும் மோட்டாரின் சுருளும் செய்கின்றன.

இசையங்கள் என்பவை யாவை?

தூய அலையொன்றில் ஒரே மீடிறன் மட்டுமே உண்டு. அலையின் வடிவம் கெடும்போது, அம்மீடிறனின் மடங்குகளாகிய வேறு அலைகளும் அதனோடு கலந்து வருகின்றன. அவ்வாறு கலப்பவை இசையங்கள் எனப்படும். இன்வேட்டரில் இவை இரு வகையாகத் தோன்றுகின்றன. இவ்விரு வகையையும் பிரித்தறிதல் வேண்டும். ஒன்றுக்குரிய பரிகாரம் மற்றொன்றுக்கு ஆகாது.

முதலாம் வகை, 50 இன் மடங்குகளாகும். விலை குறைந்த சில இன்வேட்டர்கள் அலையை உருவாக்காமல், சதுர வடிவான ஓட்டத்தையே தருகின்றன. சதுர அலையில் 150 ஹேர்ட்ஸ் இசையம் அடிப்படை அலையின் மூன்றில் ஒரு பங்காகவும், 250 ஹேர்ட்ஸ் இசையம் ஐந்தில் ஒரு பங்காகவும், 350 ஹேர்ட்ஸ் இசையம் ஏழில் ஒரு பங்காகவும் இருக்கும். இவை மோட்டாரைச் சுழற்ற உதவுவதில்லை, அதனைச் சூடாக்குகின்றன. சூடேறிய சுருளின் காப்புப்பூச்சு நாளடைவில் நலிந்து, மோட்டார் எரிந்துபோக ஏதுவாகும்.

இரண்டாம் வகை, ஆளி மீடிறனின் மடங்குகளாகும். 16 கிலோஹேர்ட்ஸில் இயங்கும் ஆளி 16, 32, 48 என்றவாறு சீரான இடைவெளியில் கூரிய இரைச்சற் கோடுகளை எழுப்புகின்றது. ஆளி திறந்து மூடும் கணம் மிகக் குறுகியதாதலின், இம்மடங்குகள் நெடுந்தூரம் வரை நீள்கின்றன. வானொலியைத் தாக்குவது இவ்வகையே.

இரைச்சல் வானொலியை அடையும் வழி

மத்திய அலை ஒலிபரப்பு ஏறக்குறைய 530 முதல் 1,600 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள பரப்பில் நடைபெறுகின்றது. எமது பிரதேசத்தில் நிலையங்கள் 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அமைகின்றன. 16 ஐ 45 ஆற் பெருக்கின் 720 வரும். ஆதலால் 16 கிலோஹேர்ட்ஸ் ஆளியின் 45 ஆம் மடங்கு, 720 இலுள்ள நிலையத்தின் மேல் விழுகின்றது. ஆளி மீடிறன் சற்றே மிகுந்து 16.04 ஆயின், அம்மடங்கு 721.8 ஆகும். அது நிலையத்தின் அலையோடு கலந்து 1.8 கிலோஹேர்ட்ஸ் அளவான கீச்சொலியாகக் காதில் விழும். பேச்சு விளங்காது போகும்.

இரைச்சல் பரவுவதற்குப் பெருந்துணை செய்வது நீண்ட மின்வடமாகும். தகடுகள் வெயில் விழும் மேட்டிலும், பம்பி பள்ளத்து ஓடையிலும் இருப்பது மலைநாட்டுத் தோட்டங்களின் இயல்பு. 720 கிலோஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 417 மீற்றர். அதன் காற்பங்கு 104 மீற்றர். காலலை நீளமுள்ள கம்பி நல்ல அலைபரப்பியாகும் என்பது வானொலிப் பொறியியலின் அடிப்படை. எனவே சரிவு வழியே நூறு மீற்றர் இழுக்கப்பட்ட வடம், உரிமையாளர் விரும்பாமலே ஓர் ஒலிபரப்புக் கம்பியாக மாறிவிடக்கூடும்.

பண்பலை ஒலிபரப்பு 88 முதல் 108 மெகாஹேர்ட்ஸ் வரையுள்ள உயர்ந்த பரப்பில் நடைபெறுவதால், இவ்விரைச்சல் அதனைக் குறைவாகவே தாக்கும். எனினும், மலை மறைத்து அலை மெலிந்த பள்ளத்தாக்குகளில் சிறு இரைச்சலும் பெருந்தடையாகும்.

எழுமாற்று ஆளியிடல்

மழைக்காலத்திற் கூரையின் நீர் பீலியின் ஓட்டை வழியே ஒரே இடத்தில் விழுந்தால், அவ்விடத்தில் மண் குழிந்து போகின்றது. அதே அளவு நீர் முற்றமெங்கும் தூறலாக விழுமாயின் குழி உண்டாவதில்லை. நீரின் அளவு ஒன்றே. விழும் விதமே வேறு. எழுமாற்று ஆளியிடல் என்னும் முறையின் கருத்தும் இதுவே.

சாதாரண இன்வேட்டரில் ஆளி எப்பொழுதும் சம இடைவெளியில் இயங்குகின்றது. மீடிறன் 16 கிலோஹேர்ட்ஸ் ஆயின் ஒவ்வொரு தடவைக்கும் உரிய காலம் ஒரு செக்கனின் பத்துலட்சத்தில் 62.5 பங்கு. எழுமாற்று முறையில் இக்காலம் ஒன்றுபோல் இராது. மீடிறன் 14 முதல் 18 கிலோஹேர்ட்ஸ் வரை முன்கூட்டி ஊகிக்க இயலாதவாறு மாறிக்கொண்டிருக்கும். அதாவது ஒரு தடவை 55.6 பங்காகவும், மறு தடவை 70 பங்காகவும், அடுத்த தடவை 61 பங்காகவும் காலம் அமையக்கூடும். ஆயினும் ஒவ்வொரு தடவையும் ஆளி திறந்திருக்கும் விகிதம் மாறுவதில்லை. 60 செக்கனுக்கு 15 செக்கன் திறந்த மதகை, 48 செக்கனுக்கு 12 செக்கன் திறந்தாலும், 72 செக்கனுக்கு 18 செக்கன் திறந்தாலும் பாயும் பங்கு காற்பங்கே. ஆதலின் பம்பிக்குக் கிடைக்கும் மின்சாரமும் இறைபடும் நீரும் குறைவதில்லை.

சீரான இடைவெளி குலைந்தமையால், இரைச்சலுங் கூரிய கோடுகளாக நில்லாமல் பரந்துவிடுகின்றது. முதலாம் மடங்கு 14 முதல் 18 வரை 4 கிலோஹேர்ட்ஸ் அகலத்திற் பரவும். 45 ஆம் மடங்கோ 630 முதல் 810 வரை 180 கிலோஹேர்ட்ஸ் அகலத்திற் பரவும். அடுத்தடுத்த மடங்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, தனிக்கீச்சொலி மறைந்து, மெல்லிய சீறல் மட்டுமே எஞ்சும்.

இவ்வெழுமாற்று எண்களை இன்வேட்டரின் கணிப்புச் சில்லு உண்டாக்குகின்றது. பதினாறு நிலைகளைக் கொண்ட எளிய பெயர்வுப் பதிவேடொன்று 65,535 எண்களை வரிசை குலைத்துத் தந்த பின்னரே முதலெண்ணுக்குத் திரும்பும். காதும் வானொலியும் அவ்வொழுங்கை அறியமாட்டா. கருவியில் வேறு பாகம் எதுவுஞ் சேர்க்க வேண்டியதில்லை. சில்லுக்கு இடும் கட்டளையை மாற்றினாற் போதும். இம்முறையின் சிறப்பு அதுவே. கால அளவை மாற்றாமல், ஒவ்வொரு தடவையும் திறப்பு நிகழும் இடத்தை மட்டும் முன்பின்னாக நகர்த்தும் வேறொரு முறையும் உண்டு. அதிற் கூரிய கோடுகள் குறையினும் முற்றாக மறைவதில்லை.

இது புதிதாகப் பிறந்த கருத்தன்று. மோட்டாரின் கீச்சொலியைக் குறைப்பதற்காக ஆளி மீடிறனை எழுமாறாக மாற்றும் முறையை ஹபெட்லர், திவான் என்னும் ஆய்வாளர் இருவரும் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்க, டென்மார்க் ஆய்வாளர் சிலர் 1994 ஆம் ஆண்டில் இவ்வகை முறைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் ஆய்வாளரும், ஆளி மீடிறனை மாற்றி மோட்டாரின் ஒலியைப் பரப்பும் முறையொன்றை 2016 ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இதனால் விளையும் நன்மை எவ்வளவு?

விற்பனையாளர் சிலர் இம்முறையிருப்பின் இரைச்சலே இராதென்று கூறுவதுண்டு. அது சரியன்று. நன்மையின் அளவு ஆளி மீடிறனைப் பொறுத்தது. வானொலியொன்று ஏறக்குறைய 9 கிலோஹேர்ட்ஸ் அகலமுள்ள பரப்பை ஒரு முறையிற் கேட்கின்றது எனக் கொண்டு கணக்கிடலாம்.

(1) 4 கிலோஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் பெரிய மோட்டார்களின் வேகமாற்றி: ஒவ்வொரு நிலையத்தின் அகலத்துக்குள்ளும் இரண்டு கோடுகளேனும் முன்னரே உள்ளன. அவற்றைப் பரப்பினாலும் வானொலிக்கு நன்மை இல்லை. ஆனால், 4 கிலோஹேர்ட்ஸ் மனிதர் காது நன்கு உணரும் ஒலியாதலால், மோட்டாரின் கீச்சொலி மென்மையான சீறலாக மாறுவது பெரு நன்மையாகும்.

(2) 16 கிலோஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் இன்வேட்டர்: பரப்பிய பின்னர் ஒவ்வொரு நிலையத்திலும் விழுவது ஒரு கோட்டின் வலுவிற் பதினாறில் ஒன்பது பங்கு, அதாவது பாதிக்குச் சற்று மேல். கோடு விழுந்த நிலையம் ஓரளவு தெளிவடையும், கீச்சொலி நீங்கும். ஆனால் முன்னர் கோடு விழாமல் தெளிவாயிருந்த நிலையத்திலும் சிறிது சீறல் கேட்கும்.

(3) 100 கிலோஹேர்ட்ஸ் அளவில் இயங்கும் மாற்றிகள், மின்கலமேற்றிகள்: கோடுகள் ஒன்றுக்கொன்று 100 கிலோஹேர்ட்ஸ் தொலைவிலுள்ளன. நன்கு பரவிய இடத்தில் ஒரு நிலையத்தின் மேல் விழுவது ஒரு கோட்டின் வலுவிற் பதினொன்றில் ஒரு பங்கேயாம். இங்கே எழுமாற்று முறையின் பயன் மிகுதி.

இம்முறையின் எல்லைகள்

எழுமாற்று ஆளியிடல் இரைச்சலை அழிப்பதன்று, பரப்புவது. கூரையின் நீரைத் தூறலாக்கினாலும் மழையின் அளவு குறையாதன்றோ? ஆகவே பின்வருவனவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

(1) 150, 250, 350 ஹேர்ட்ஸ் இசையங்களை இம்முறை தீர்க்காது. அவற்றைத் தவிர்ப்பதற்குச் சதுர அலை இன்வேட்டரை விலக்கித் தூய அலை தரும் இன்வேட்டரைத் தெரிதல் வேண்டும்.

(2) வடிகட்டியின் இடத்தை இம்முறை நிரப்பாது. வடிகட்டி இரைச்சலை வடத்துக்குட் புகாமல் தடுக்கின்றது. வடிகட்டியும் எழுமாற்று முறையும் சேர்ந்திருப்பதே நன்று.

(3) காலத்தை மிகவும் நீட்டினால் ஓட்டத்தில் ஏற்றத்தாழ்வு மிகும். மிகவும் குறுக்கினால் ஆளிகள் சூடேறும். ஆதலால் பரப்பும் எல்லையைத் தயாரிப்பாளரே வகுத்தல் வேண்டும். கமக்காரரோ கற்றுக்குட்டித் திருத்துநரோ அதனை மாற்றலாகாது.

(4) இளகிய இணைப்பு, துருப்பிடித்த புவித்தொடுப்பு, வெடித்த வடம் ஆகியவற்றால் எழும் இரைச்சலுக்கும் இம்முறைக்கும் தொடர்பில்லை. அப்புத்தளையின் பனிமூட்டத்தில் வெளியிலுள்ள இணைப்புகள் விரைவிற் பழுதடைவதால், இதனை முதலிற் பார்த்தல் வேண்டும்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை

(1) இன்வேட்டர் தருவது தூய அலையா? மின்வலையோடு இணைக்கப்படும் சூரிய இன்வேட்டர்களுக்கு வகுக்கப்பட்ட அனைத்துலக மின்தொழினுட்ப ஆணைக்குழுவின் 61727 ஆம் இலக்க நியமத்தின்படி, ஓட்டத்தின் மொத்த இசையத் திரிபு 5 சதவீதத்துக்குக் குறைவாயிருத்தல் வேண்டும். மின்வலையோடு இணையாத பம்பி இன்வேட்டருக்கும் இதனை நல்லதோர் அளவுகோலாகக் கொள்ளலாம்.

(2) வானொலித் தலையீடு பற்றிய சிஸ்பர் 11 என்னும் நியமத்துக்கு அமைந்ததா? இந்நியமம் 150 கிலோஹேர்ட்ஸ் முதல் 30 மெகாஹேர்ட்ஸ் வரை வடத்தின் வழியே செல்லும் இரைச்சலுக்கு எல்லை வகுக்கின்றது. வீட்டுச் சூழலுக்குரிய ஆ வகுப்பு எல்லை, தொழிற்சாலைக்குரிய அ வகுப்பு எல்லையிலும் கடுமையானது. வீடுகளுக்கும் லயங்களுக்கும் அருகில் வைக்கும் கருவி ஆ வகுப்பைச் சேர்ந்ததாயிருத்தல் நலம்.

(3) உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் வடிகட்டி பொருத்தப்பட்டுள்ளதா?

(4) ஆளி மீடிறன் யாது? எழுமாற்று முறை உண்டா? சில வேகமாற்றிகளில் இம்முறை இருந்தும் தொடக்கத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். நிறுவுநர் அதனை இயக்கி வைத்தல் வேண்டும்.

இரைச்சலின் பிறப்பிடத்தைச் சோதித்தல்

வானொலியில் இரைச்சல் கேட்டவுடன் இன்வேட்டரைக் குறை கூறுதல் தகாது. பின்வரும் எளிய சோதனையைச் செய்து தெளியலாம்.

மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலியொன்றை மத்திய அலையில், நிலையம் எதுவும் இல்லாத ஓரிடத்தில் வைத்துக் கேட்க. பம்பி ஓடும்போதும் நின்றபோதும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க. முதலிற் பம்பியை முறைப்படி நிறுத்தியபின், தகட்டுப் பக்க ஆளியை மூடிப் பார்க்க. பம்பி ஓடும்போதே தகட்டுப் பக்க ஆளியை இழுத்தால் தீப்பொறி எழக்கூடும். ஆதலின் இவ்வொழுங்கு முக்கியமானது. இரைச்சல் அப்பொழுதும் நீங்காதாயின் காரணம் வேறாகும். பழுதடைந்த விளக்கோ, மின்கலமேற்றியோ, தெரு மின்கம்பத்தின் பழுதோ ஆகலாம். மாலையிற் சூரியன் மறைந்தபின் தானே நின்றுவிடும் இரைச்சல், சூரிய இன்வேட்டருடையதாக இருத்தல் கூடும்.

வானொலியின் முள்ளைத் திருப்புகையிற் சம இடைவெளிகளிற் கீச்சொலி தோன்றுமாயின், அது சீரான மீடிறனில் இயங்கும் ஆளியின் அடையாளம். எங்கும் ஒரே அளவான சீறல் கேட்குமாயின், ஆளி எழுமாற்று முறையில் இயங்குகின்றதென ஊகிக்கலாம். வானொலியைக் கையிற் கொண்டு வடத்தின் ஓரமாக நடந்தால், இரைச்சல் கூடும் இடத்தைக் கண்டறியலாம்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

(1) தகட்டிலிருந்து வரும் நேர், மறை வடங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, இயலுமாயின் முறுக்கி இழுத்தல் வேண்டும். ஒன்றை வேலியோரமாகவும் மற்றொன்றைக் கூரையோரமாகவும் இழுத்தால் இடையிலுள்ள வெளி பெரிய கம்பிவளையமாகி இரைச்சலைப் பரப்பும். இடிமின்னலின் தாக்கத்தையும் கூட்டும்.

(2) இன்வேட்டருக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள வடம் இயன்றளவு குறுகியதாக இருத்தல் வேண்டும். இவ்வடம் மிக நீண்டால் மோட்டாரின் முனையில் அழுத்தம் இருமடங்கு வரை எழக்கூடும். அதனாற் சுருளின் காப்பு கெடும். நீண்ட வடம் தவிர்க்க முடியாதாயின் உலோக உறையிட்ட வடத்தையும் வெளியீட்டு வடிகட்டியையும் பயன்படுத்துக.

(3) இன்வேட்டரின் உடலையும் தகடுகளின் சட்டத்தையும் மோட்டாரின் உடலையும் ஒன்றாக இணைத்துப் புவித்தொடுப்புச் செய்தல் வேண்டும். கச்சான் காலத்தில் மண் உலர்ந்து புவித்தொடுப்பு நலிவதால், கோல் ஈரமண்ணை எட்டும் ஆழத்தில் இருத்தல் அவசியம்.

(4) பெரைற்று வளையத்தினூடாக நேர், மறை வடங்கள் இரண்டையுஞ் சேர்த்துப் பல சுற்றுச் சுற்றினால் வடத்தின் வழியே வெளியேறும் இரைச்சல் குறையும். ஒரு வடத்தை மட்டுஞ் சுற்றுவதாற் பயனில்லை.

(5) வானொலியையும் அதன் கம்பியையும் இன்வேட்டருக்கும் அதன் வடத்துக்கும் எட்டத்தில் வைக்க. மத்திய அலையிற் கேட்கும்போது வானொலியை மெல்லத் திருப்பிப் பார்க்க. அதனுள்ளேயுள்ள பெரைற்றுக் கோல் சில திசைகளில் இரைச்சலை ஏற்காது.

அபாயம்

இன்வேட்டரின் மூடியைக் கமக்காரர் திறக்கலாகாது. பம்பியை நிறுத்திய பின்னரும் கொள்ளளவிகளில் உயிராபத்தை விளைவிக்கும் மின்னேற்றம் சிறிது நேரம் நிலைத்திருக்கும். வெயில் உள்ளவரை சூரியத் தகடுகளையும் முற்றாக நிறுத்த இயலாது. ஈரக்கையோடும், நீர் நிற்கும் வயலில் நின்றும் வடங்களைத் தொடலாகாது. இரைச்சலைக் குறைக்குமென எண்ணிப் புவித்தொடுப்புக் கம்பியைக் கழற்றுவோரும் உளர், இது பேராபத்தாகும். வடிகட்டியுள்ள கருவியிலிருந்து சிறிதளவு ஓட்டம் எப்பொழுதும் புவிக்குட் செல்லும். தொடுப்பு அறுந்தால் அவ்வோட்டம் தொடுபவர் உடலின் வழியே செல்லும்.

முறையிடுதல்

அயலவரின் கருவியால் வானொலி தடைப்படுமாயின், முதலில் அவரோடு கலந்து மேற்கூறிய சோதனையை இருவருஞ் சேர்ந்து செய்தல் நன்று. பெரும்பாலும் வடத்தைச் சேர்த்துக் கட்டுவதாலும் புவித்தொடுப்பைத் திருத்துவதாலும் குறை நீங்கும். நீங்காதாயின், கருவியை நிறுவியவரிடம் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழியங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கும் வானலைத் தலையீடு பற்றி முறையிடலாம்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

தூய அலை இன்வேட்டர் மோட்டாரைக் காக்கும். வடிகட்டியும் புவித்தொடுப்பும் இரைச்சலைத் தடுக்கும். எழுமாற்று ஆளியிடல் எஞ்சிய இரைச்சலைப் பரப்பிக் கீச்சொலியை நீக்கும். இம்மூன்றில் ஒன்று மற்றொன்றின் இடத்தை நிரப்பாது.

மழை கடுமையாகி, மண்சரிவு எச்சரிக்கை எதிர்பார்க்கப்படும் வேளையில், செய்தி கேட்கும் ஐந்து நிமிடத்துக்கு இன்வேட்டரை முறைப்படி நிறுத்திவிட்டு, மின்கல வானொலியைக் கேட்க. வயலுக்கு ஐந்து நிமிட நீரும், வீட்டுக்கு ஐந்து நிமிட வெளிச்சமும் இழப்பதாற் கேடில்லை. அறிவித்தலைத் தவறவிடுவது உயிருக்கே கேடாகலாம்.